பிஃரு மஊனாவின் கண்ணீரும் 200 ஒட்டகங்களும்

 



சென்ற மாதம் ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை என் முன்னால் வந்து உட்கார்ந்தான். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவன். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவன். தாயாருக்கு அடங்கிய பிள்ளை. செல்போனை எடுத்து ஒரு பயானைக் காட்டினான். நல்ல தமிழ். இலங்கைப் பேச்சு. இடிந்த வீடுகள், இரத்தம் தோய்ந்த குழந்தைகள், நடுநடுவே அந்தப் பேச்சாளரின் கர்ஜனை. பார்த்து முடித்ததும் அவன் கேட்டான்: “ஹள்ரத், அந்நியப் பட்டாளம் வந்து வீட்டை இடிக்குது, பொம்பளை புள்ளைகளைக் கொல்லுது. எதுத்து நிக்கிறவங்களை மட்டும் நீங்க ஏன் தப்புன்னு சொல்றீங்க?”

அந்தப் பேச்சாளர் யார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் மாதா கோயில்களிலும் ஓட்டல்களிலும் வெடிகுண்டு வைத்துத் தம்மையும் மாய்த்துக்கொண்ட கூட்டத்தின் தலைவர் காத்தான்குடி ஸஹ்ரான். 260க்கும் மேற்பட்ட உயிர்கள் அன்று போயின. அவர் போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகியும், அந்தக் குரல் எங்கள் ஊர்த் தறிக்கூடம் வரை வந்து நிற்கிறது.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதை மறைப்பானேன்? “இது ஹராம், இதைப் பார்க்காதே” என்று அதட்டி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் பிள்ளை போனை மூடமாட்டான். என்னிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான். இஷாவுக்குப் பிறகு வா என்று சொல்லிவிட்டுப் பகல் முழுதும் யோசித்தேன். அன்றிரவு அவனிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

முதலாவது, அவன் கேட்டதில் பாதி உண்மை. அந்த உண்மையை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் மீதிப் பாதியைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை.

2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்கின் மீது படையெடுத்தபோது நான் ஹிஃப்ளு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். எங்கள் உஸ்தாத் சுபுஹில் குனூத் ஓதும்போது குரல் தழுதழுத்தது நினைவிருக்கிறது. நாசகார ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி வந்தார்கள். அப்படி ஒன்றும் கண்டெடுக்கப்படவில்லை. ஏப்ரல் 9ஆம் தேதி பக்தாத் விழுந்தது. மே மாதம் 23ஆம் தேதி, அந்த நாட்டை ஆள அனுப்பப்பட்ட பால் பிரெமர் என்பவர் ஒரு கையெழுத்தில் இராக்கியப் படையைக் கலைத்தார். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் சம்பளமும் மானமும் இழந்து வீதிக்கு வந்தார்கள். மறு ஆண்டு அபூ குரைப் சிறையின் படங்கள் உலகமெங்கும் பரவின. கைதிகளை நிர்வாணமாக்கி அவமானப்படுத்திய அந்தப் படங்களைப் போல் ஆள் சேர்த்துக் கொடுத்த பிரசங்கம் வேறொன்று இருக்காது.

தெற்கே உம்மு கஸர் அருகில் கேம்ப் புக்கா என்று ஒரு தடுப்பு முகாம் வைத்தார்கள். வேலை இழந்த பட்டாளத்து அதிகாரியும், மார்க்கத்தின் பெயரால் ஆயுதம் எடுத்தவனும், ஒரு குற்றமும் செய்யாமல் பிடிபட்டவனும் ஒரே கம்பிவேலிக்குள். பிற்காலத்தில் தன்னைக் கலீஃபா என்று சொல்லிக்கொண்ட பக்தாதியும் 2004இல் அங்கே அடைபட்டிருந்தவர்தாம். அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் வெளியேறியது. 2014 ஜூனில் மோஸுல் நகரம் அந்தக் கூட்டத்தின் கையில் விழுந்தது. படையெடுப்பு இல்லாவிட்டாலும் இந்தக் கூட்டம் இப்படித் தழைத்திருக்கும் என்று யார் சொன்னாலும் என் மனம் ஏற்காது.

ஆனால், அன்பர்களே, அப்படித் தழைத்த கூட்டம் முதலில் யாரைக் கொன்றது? பள்ளிவாசலில் தொழுத ஷீஆக்களைக் கொன்றது. பைஅத் செய்ய மறுத்த ஸுன்னி ஆலிம்களைக் கொன்றது. யஸீதிப் பெண்களைச் சந்தையில் விற்றது. வயிற்றுப் பிழைப்புக்காக மோஸுலில் வேலைக்குப் போயிருந்த நம் இந்தியத் தொழிலாளர் 39 பேரைக் கொன்று புதைத்தது. நான்கு வருடம் குடும்பங்களைக் காக்க வைத்த பிறகு 2018இல்தான் அந்த மரணம் உறுதியானது. எட்டு நூற்றாண்டுகள் நின்ற மோஸுலின் நூரிப் பள்ளிவாசலை, பக்தாதி மிம்பர் ஏறிய அதே பள்ளிவாசலை, 2017இல் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் வெடி வைத்துத் தகர்த்தவர்களும் இவர்களே என்கிறார்கள். அந்நியனை எதிர்க்கப் புறப்பட்டவர்கள் அல்லாஹ்வின் வீட்டை இடித்து முடித்தார்கள்.

இராக் தூரத்து நாடு; நம் கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம்.

எங்கள் பள்ளிவாசல் வாசலுக்கு மஃரிப் நேரத்தில் தண்ணீர் ஓதி வாங்கப் பிற மதத்துச் சகோதரர்களும் வருவார்கள். இது இந்தப் பக்கத்து வழக்கம். பேரனுக்காக அப்படி வந்த ஒரு பெரியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர். இந்திய அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போய் வந்தவர். ஒரு நாள் மழைக்காக ஒதுங்கி நின்றபோது பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாளே நம் படை இறங்கத் தொடங்கியது. அதற்கு முந்தின மாதம் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவு மூட்டைகளை வானத்திலிருந்து போட்டிருந்தன. “நாங்க போனப்போ ஆரத்தி எடுத்தாங்க அசரத்து. மாலை போட்டாங்க. எங்க அம்மா வயசுப் பொம்பளைங்க எளநி வெட்டிக் கொடுத்தாங்க” என்றார் பெரியவர். அக்டோபர் 10ஆம் தேதி புலிகளோடு சண்டை மூண்டது. “ரெண்டு மாசம் முன்னாடி எளநி குடிச்ச அதே தெரு. ஒரு குண்டு எங்கேயிருந்து வருதுன்னு தெரியாது. வந்தா தெரு பூராவும் வீடு வீடாப் பூந்து சோதனை போடுவோம். ஆம்பளைப் புள்ளைங்களை வெளியே இழுத்து வெயில்ல உட்கார வைப்போம். மறு வாரம் அந்த வீட்டுல ஒரு பையனைக் காணோம்பாங்க. எங்கே போயிருப்பான்? அங்கதான் போயிருப்பான்.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம் கூட வந்தவர்களில் திரும்பாதவர்களைப் பற்றியும் சொன்னார். நம் சிப்பாய்கள் 1,100க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். ஒருவரும் தம் இஷ்டப்படி போனவரல்லர்.

1987 அக்டோபர் 21, தீபாவளியன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த படையால் மருத்துவர், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மீண்டும் அப்படி ஒன்று. காக்க வந்த படை என்று மாலை போட்ட ஜனங்கள் பிறகு யார் பக்கம் சாய்வார்கள்? புலிகள் இயக்கத்தை அந்தப் படை உண்டாக்கவில்லை; அது அதற்கு முன்பே இருந்தது, தன்னோடு போட்டியிட்ட மற்றத் தமிழ் இயக்கத்தாரை 1986இலேயே கொன்று தீர்க்கத் தொடங்கியும் இருந்தது. ஆனால் ‘அந்நியனை எதிர்க்கிறவர்கள் நாங்கள்’ என்ற கொடியை அதன் கையில் கொடுத்தது அந்தப் படையே. எதிர்த்துக் கேள்வி கேட்டவர்களெல்லாம் துரோகிகள் ஆனார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்லலாகாது, இரத்த ஆறு. தெற்கே சிங்கள வாலிபர்களிடம் ஜே.வி.பி. என்ற இயக்கம், அப்போது தடை செய்யப்பட்டிருந்தது, இந்தியப் படை வந்ததையே சாக்காக வைத்துத் தேசபக்தி வேஷம் போட்டு எழுந்தது. இந்தியப் பொருளை விற்காதே என்று கடைக்காரருக்குக் கட்டளை. ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு. நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க 1988 பிப்ரவரியில் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டார். 1989 நவம்பரில் அந்த இயக்கத்தின் தலைவர் ரோஹண விஜேவீர கொல்லப்படும் வரை, இயக்கமும் அரசும் சேர்ந்து பல்லாயிரம் வாலிபர்களை ஆற்றிலும் டயர் நெருப்பிலும் போட்டார்கள். ஒரே படை, வடக்கே தமிழரின் தீவிரமும் தெற்கே சிங்களவரின் தீவிரமும், ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான இரண்டும், அதையே எருவாக வைத்து வளர்ந்தன. (அந்த ஜே.வி.பி. பிற்காலத்தில் ஆயுதம் விட்டுத் தேர்தலுக்கு வந்தது. 2024இல் அதன் தலைவர் நாட்டின் ஜனாதிபதியாகவே ஆனார். மனிதர் திரும்புவதற்கு வழி அடைபட்டுப் போவதில்லை.)

அடுத்து ஜனாதிபதியான பிரேமதாசா இந்தியப் படையை வெளியேற்றும் அவசரத்தில் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச்சில் நம் படை திரும்பியது. அந்த ஆயுதங்கள் யார்மீது திரும்பின? ஜூன் மாதம் கிழக்கில் சரணடைந்த போலீஸார் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, இஷா நேரம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் கைகட்டி நின்ற நம் சகோதரர்கள்மீது குண்டு மழை. சிறுவர்களும் அடங்க 100க்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சுவரில் குண்டு பாய்ந்த அடையாளங்களை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேர், தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாதவர்கள், மூட்டை முடிச்சுக்கூட இல்லாமல் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூர். 1993 மே தினத்தன்று ஆயுதம் கொடுத்த பிரேமதாசாவும்.

அன்று ஸுஜூதில் இரத்தம் சிந்திய அதே காத்தான்குடியில் பிறந்தவர்தாம் ஸஹ்ரான். என் மனதை அறுக்கும் விஷயம் இது. வணங்குமிடத்தில் கொல்லப்படுவது எப்படிப்பட்ட வேதனை என்று உலகில் எந்த ஊருக்காவது தெரியுமென்றால் அந்த ஊருக்குத் தெரியும். ஊர் ஜனங்கள் அவரை ஏற்கவில்லை. 2017இல் அங்கே அவர் உண்டாக்கிய கலவரத்துக்குப் பிறகு தலைமறைவாகத்தான் திரிந்தார். இராக்கில் ஒரு படையெடுப்பின் சாம்பலில் முளைத்த கூட்டத்திடம் அவர் செல்போன் வழியே பைஅத் கொடுத்து, இராக்குக்கும் ஸிரியாவுக்கும் பழி என்று சொல்லி, பூஜையிலிருந்த கிறிஸ்தவத் தமிழ்க் குழந்தைகளிடம் பழி தீர்த்தார்கள். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் இறந்த குழந்தைகளில் யார் பக்தாதில் குண்டு போட்டது?

அந்தப் பிள்ளையிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, “இப்போது நபி பெருமானாரின் (ஸல்) காலத்துக்கு வா” என்றேன்.

ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு, ஸஃபர் மாதம். நஜ்து நாட்டுக்கு மார்க்கம் கற்பிக்க ஆள் அனுப்புங்கள், பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்று பனூ ஆமிர் கோத்திரத்தின் முதியவர் அபூ பராஉ கேட்டுக்கொண்டார். நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆன் ஓதிய தோழர்கள் எழுபது பேரை அனுப்பினார்கள். பகலில் விறகு சுமந்து விற்று ஏழைகளுக்கு உணவளித்தவர்கள். இரவெல்லாம் நின்று தொழுதவர்கள். பிஃரு மஊனா என்ற கிணற்றடியில் ஆமிர் பின் துஃபைல் என்பவன் தூதுக் கடிதம் கொண்டு சென்றவரை ஈட்டியால் குத்தச் செய்தான். தன் கோத்திரத்தாரை உதவிக்கு அழைத்தான். பனூ ஆமிர் மறுத்துவிட்டார்கள். எங்கள் பெரியவர் கொடுத்த வாக்கை நாங்கள் முறிக்கமாட்டோம் என்றார்கள். இதைக் கவனத்தில் வையுங்கள். அவன் ரிஃல், தக்வான், உஸைய்யா கூட்டத்தாரைச் சேர்த்துக்கொண்டு வந்து அத்தனை ஹாஃபிள்களையும் வெட்டிச் சாய்த்தான்.

ஒட்டகம் மேய்க்கப் போயிருந்த அம்ரு பின் உமைய்யா (ரலி) அவர்கள் தூரத்தில் பறவைகள் வட்டமிடுவதைப் பார்த்துத்தான் விபரீதத்தை அறிந்தார்கள். உடனிருந்த தோழர் போரிட்டு ஷஹீதானார். இவர்களைப் பிடித்து, நெற்றி முடியை வெட்டி விடுதலை செய்தார்கள். தனியே மதீனா திரும்பும் வழியில் ஒரு மர நிழலில் தங்கினார்கள். இரண்டு பேர் வந்து அதே நிழலில் படுத்தார்கள். எந்தக் கோத்திரம் என்று கேட்டார். பனூ ஆமிர் என்றார்கள். ஆமிர் பின் துஃபைலின் ஆட்கள்! இருவரும் கண்ணயர்ந்ததும் கொன்றுவிட்டு வந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எழுபது தோழர்களின் உடல்களைப் பார்த்துவிட்டு வருகிற மனிதர் அவர். இரத்தம் காயவில்லை. அவரைவிட நியாயமான ஆத்திரம் யாருக்கு இருந்திருக்கும்? நம் பிள்ளைகள் செல்போனில் பார்த்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அப்படிப்பட்டவர் வந்து சொன்னபோது பெருமானார் (ஸல்) அவரைப் பாராட்டவில்லை. அந்த இருவருக்கும் நாயகத்தின் உடன்படிக்கை இருந்தது. அம்ருக்கு அது தெரியாது. நீர் கொன்ற இருவருக்கும் நான் இரத்த ஈடு கொடுத்தாக வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள், கொடுக்கவும் முற்பட்டார்கள். முஸ்லிமல்லாத அந்த இருவருக்கும் முஸ்லிமின் தியத்தையே நாயகம் கொடுத்தார்கள் என்று திர்மிதியில் வரும் ரிவாயத்தை நம் ஹனஃபி இமாம்கள் ஆதாரமாக எடுக்கிறார்கள். ஓர் உயிருக்கு 100 ஒட்டகம். எழுபது பேரைப் பறிகொடுத்த மதீனா, கொலைகாரனின் கோத்திரத்தார் இருவருக்காக 200 ஒட்டகத்துக்குக் கணக்குப் போட்டது!

ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் சட்டம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து வழுவச் செய்ய வேண்டாம் என்ற கட்டளை மாயிதா சூராவின் 8ஆம் ஆயத்தில் இருக்கிறது. இந்த ஆயத்துகளை நான் ஓதினால் ‘ஹள்ரத் எப்போதும் இப்படித்தான்’ என்று நினைத்திருப்பான். மர நிழலில் தூங்கிய அந்த இருவரைச் சொன்னதும் தலை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்போ சும்மா இருக்கணுமா ஹள்ரத்?” என்றான்.

சும்மா இருக்கவில்லை நாயகம் (ஸல்). பிஃரு மஊனாவுக்குப் பிறகு ஒரு மாத காலம் சுபுஹில் குனூத் ஓதி, துரோகம் செய்த கூட்டங்களைப் பெயர் சொல்லி அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அவர்கள் அவ்வளவு துயரப்பட்டதை வேறு எப்போதும் பார்த்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். சோதனை காலத்துக் குனூத், குனூத்துன் னாஸிலா, இதிலிருந்து வந்த சுன்னத். நம் ஹனஃபி மத்ஹபில் சுபுஹின் இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து எழுந்த பிறகு இமாம் ஓத, பின்னிருப்பவர்கள் மெதுவாக ஆமீன் சொல்வது. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து நேரத் தொழுகையிலும் கடைசி ரக்அத்தில் ஓதலாம். நாம் என்ன செய்தோம்? கிதாபில் மட்டும் வைத்துவிட்டோம். காஸாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு குழந்தைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதுகூடப் பல ஊர்களில் அந்தச் சுன்னத்து உயிர் பெறவில்லை. துக்கத்தை அழுது தீர்க்கப் பள்ளிவாசலில் இடமில்லை என்றால் பிள்ளை வேறு மிம்பரைத் தேடிக்கொள்வான். அது இருட்டறையில், கையளவு கண்ணாடியில் இருக்கிறது. இந்தக் குற்றத்தில் எனக்கும் என்போன்ற இமாம்களுக்கும் பங்கு உண்டு.

அதே நாயகம் (ஸல்) ஸஃப்வான் பின் உமைய்யா, ஸுஹைல் பின் அம்ரு, ஹாரிஸ் பின் ஹிஷாம் ஆகிய மூவரைப் பெயர் சொல்லிச் சாபமிட்டபோது, இந்த விஷயத்தில் உமக்கு அதிகாரமில்லை, அல்லாஹ் அவர்களை மன்னிக்கவும் செய்யலாம் என்ற கருத்துள்ள ஆலு இம்ரான் சூராவின் 128ஆம் ஆயத்து இறங்கியது என்று புகாரியில் இருக்கிறது. மக்கா வெற்றிக்குப் பின் மூவரும் ஈமான் கொண்டார்கள். அவர்களை எவனாவது ஆத்திரக்காரன் முன்கூட்டியே மர நிழலில் தீர்த்திருந்தால்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ‘செய்தி பார்க்காதே, வம்பு பேசாதே’ என்று வாயை அடைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். 2022 அக்டோபரில் கோவையில் கோயில் வாசல் முன்னே வெடித்த காரில் இறந்த வாலிபனுக்கும் வீடு, மனைவி, மக்கள் இருந்தார்கள். 2019இல் சாய்ந்தமருதில் ஸஹ்ரானின் தகப்பனாரும் சகோதரர்களும் தங்கள் பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தே வெடித்து மாய்ந்தார்கள், ஆறு குழந்தைகள். பிற்பாடு மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்த உடல்களை நம் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இஸ்லாத்துக்குக் கிடைத்தது அவ்வளவே. பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அநியாயத்தை அநியாயம் என்று அவன் காது கேட்கச் சொல்லுங்கள். தாயார் அழுதால் அழட்டும். அதன் பிறகு யார் பேசினார், என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

அன்றிரவு எல்லாம் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “200 ஒட்டகம்னா இன்னைக்கு எவ்வளவு ஹள்ரத் வரும்?” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் தெருவில் உள்ள தறிகளையெல்லாம் விற்றாலும் காணாது போலிருந்தது. இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கேட்கவுமில்லை, அவன் காட்டவுமில்லை.

மறு வாரத்திலிருந்து எங்கள் பள்ளியில் சுபுஹில் குனூத் ஓதுகிறோம். இரண்டாம் நாள் அவன் தன்னோடு தறியோட்டும் இன்னொரு பிள்ளையை அழைத்து வந்திருந்தான். தொழுது முடிந்ததும் இருவரும் நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். “ஹள்ரத், அந்த மரத்தடியில தூங்கினவங்க கதையை இவனுக்கும் ஒரு தடவை சொல்லுங்க” என்றான்.